நீலச் சுண்ணாம்புக்கல்: கருங்கல் என்று நினைத்துச் செய்யும் பிழைகள்

கல் விற்கும் இடத்தில் நீலச் சுண்ணாம்புக்கல், சுருக்கமாக நீலக்கல், பலகையொன்றை எடுத்துச் சுவரில் சாத்துவார்கள். அப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றுவார்கள். சாம்பலாகக் கிடந்த கல் சட்டென்று மழை மேகம்போல் கருநீலமாகிவிடும். அந்த நிறத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து காய்ந்தால் பழைய சாம்பல்தான். அதனால் காய்ந்த கல்லை வெயிலில் வைத்துப் பாருங்கள், அது பிடித்தால் மட்டும் வாங்குங்கள். அந்த நீலம்கூடப் பெரும்பாலும் கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய கரிமப்பொருளாலும் இரும்புச் சல்பைட்டாலும் வருவது. வெளியே வெயிலிலும் மழையிலும் கிடந்தால் வெளிறத்தான் செய்யும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நமக்குப் பழகிய கல் கருங்கல். நிலத்துக்கு அடியில் இருப்பதே பழைய பளிங்குருப் பாறை. அதை உடைத்துச் சல்லியாக்கி, அத்திவாரம் போட்டு, அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்து வளர்ந்த ஊர் இது. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்து நிலம். ஆகவே கல் என்றாலே எதைக் கொட்டினாலும் தாங்கும் என்று கை பழகிவிட்டது. நீலக்கல்லில் நடக்கிற பிழைகள் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தால் வருபவை.

எங்கள் பெரியம்மா வீட்டுக் கதை இது. மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைக்குப் பக்கத்து வளவு. விறாந்தைக்கு மினுக்கிய நீலக்கல் போட்டோம். குடிபூரலுக்கு முதல்நாள், கல்லில் காய்ந்திருந்த சீமெந்துக் கறையைப் போக்க மேசன் வழக்கம்போல அசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினார். டைலுக்கும் கருங்கல்லுக்கும் காலங்காலமாகச் செய்கிற வேலை. கல் 'சீ' என்று நுரைத்தது. "இதென்ன மனெ, கல்லு கொதிக்கிது?" என்று பெரியம்மா கேட்டபோதுதான் நான் ஓடினேன். கழுவிப் பார்த்தால் மினுக்கம் போய், சாம்பல் பூசியதுபோல ஒரு பெரிய வட்டம். அது கறையே அல்ல, கல் கரைந்த இடம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. திரும்ப உரசி மினுக்கினால்தான் உண்டு.

சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. புளிப்பு எதுவானாலும் அதைத் தின்னும். அசிட் மட்டுமல்ல, தேசிக்காய், வினாகிரி, புளிக்கரைசல், தயிர், கழிவறை கழுவும் திரவம், எல்லாமே. குசினி மேடைக்கு மினுக்கிய நீலக்கல் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மீன் கழுவித் தேசிக்காய் பிழியும் வீட்டில் ஒரு மாதம் தாங்காது. மினுக்காத, மங்கலான முகம் என்றால் அடையாளம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். புளியமரத்தின் கீழ் நடைபாதை போடுபவர்களும் விழும் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாவல் மரம் என்றால் ஊதாக் கறை வேறு. சீமெந்துக் கறை விழுந்தால் காய முன்னமே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் மரச்சீவலால் மெல்லச் சுரண்டலாம்.

பெயரும் ஒரு சிக்கல். நீலக்கல் என்று தேடினால் முதலில் மோதிரத்துக் கல் வரும், அது போகட்டும். ஆங்கிலத்தில் புளூஸ்டோன் என்ற இதே பெயரில் வேறு வேறு கற்கள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மெல்போர்னில் அந்தப் பெயருக்கு எரிமலைக் கல்லான பசால்ட், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மணற்கல். பெல்ஜியத்திலும் அயர்லாந்திலும்தான் அது சுண்ணாம்புக்கல். இந்தியாவில் ராஜஸ்தானின் கோட்டாவும் தெலங்கானாவின் தாண்டூரும் நீலச் சாயல் கொண்ட சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்போனவை. யூரியூப்பில் மெல்போர்ன்காரர் பசால்டுக்குச் சொல்லும் கழுவும் முறையைப் பார்த்து இங்கே செய்தால் கல் போய்விடும். வாங்க முன்னம் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்புக்கல் கீறுபடும், வெள்ளைப் பொடி வரும். அந்தப் பொடியில் ஒரு துளி வினாகிரி விட்டால் சிறு குமிழிகள் எழும். கருங்கல்லும் பசால்டும் அப்படிச் செய்யாது.

அடுத்தது உப்பு. இதைத்தான் நம் கரையோரத்தில் யாரும் கணக்கெடுப்பதில்லை. காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை பல வளவுகளில் கிணற்றுத் தண்ணீரே சவர். கலவைக்கு அந்தத் தண்ணீர், படுக்கைக்குக் கழுவாத கடல்மணல் என்றால் கல்லுக்குள் உப்பை நாமே ஏற்றிவிடுகிறோம். மாரியில் ஈரம் மேலேறும், மழை விட்டதும் காயும், காயும்போது உப்பு கல்லின் நுண்துளைக்குள் பளிங்காகித் தள்ளும். முதலில் வெள்ளைப் பூப்போலத் தெரியும், பிறகு மேற்பொருக்கு செதிள் செதிளாகக் கழரும். ஆற்றுமணலும் நல்ல தண்ணீரும் பாவியுங்கள். வெள்ளைப் பூ வந்தால் உலர்ந்த தூரிகையால் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

இந்த இடத்தில்தான் கல்லைக் காக்கப் பூசும் திரவமான சீலர் வியாபாரம் வருகிறது. பிளாஸ்திக் படலம்போல மேலே நிற்கும் மினுக்க வகையை வெளித்தரைக்குப் பூசாதீர்கள். கீழிருந்து வரும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று கல்லைக் கெடுக்கும். கல்லுக்குள் ஊறி, ஆவியை வெளியே விடும் வகைதான் வேண்டும். அதையும் மாரி முடிந்த கையோடு பூசக் கூடாது. கச்சான் காற்று அடித்துக் கல் உள்வரை காய்ந்த காலம் பார்த்துப் பூசுங்கள். சீலர் கறையைத் தாமதப்படுத்தும், அசிட்டைத் தடுக்காது.

கிணற்றடிக்கும் படிக்கும் மினுக்கிய கல் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரு மழைக்கே தெரியும். அம்மி கொத்துவதுபோலக் கொத்திய முகம், அல்லது தூரிகையால் சொரசொரப்பாக்கிய முகம் கேளுங்கள். தீயால் சுட்டு முகம் எடுப்பது கிறனைற்றுக்குச் சரி, சுண்ணாம்புக்கல்லுக்கு அது பொருத்தமில்லை. இன்னொன்று, கருமையான கல் சித்திரை வெயிலில் அடுப்புத் தட்டுப்போலக் கொதிக்கும். வெறுங்காலோடு நடக்கிற முற்றத்தில், நிழல் விழாத இடத்துக்கு இதைப் போடாமல் விடலாம்.

பதிக்கும் வேலையில் நான் பார்த்த பெரிய பிழை, கல்லின் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டைச் சீமெந்து வைத்துக் கல்லை அழுத்திவிடுவது. வேலை கெதியாய் முடியும். ஆனால் அடியில் வெற்றிடம் நிற்கும், தட்டினால் 'டொக்' என்று கேட்கும், ஓட்டோ ஒன்று ஏறினால் மூலை முறியும். அடி முழுக்கக் கலவை பரவியிருக்க வேண்டும். வாகனம் ஏறும் இடம் என்றால் கீழே கொங்கிறீற்றுப் படுக்கையும் தடித்த கல்லும் வேண்டும், உள்வீட்டுக்கு வரும் 20 மில்லிமீற்றர்க் கல் அதற்கானதல்ல. தண்ணீர் ஓட ஒரு மீற்றருக்குச் சுமார் 15 மில்லிமீற்றர் சாய்வு கொடுங்கள். கம்பித் துண்டு, ஆணி, கிறைண்டர் தூள் எதையும் கல்லின்மேல் இரவு விடாதீர்கள், காலையில் துருக்கறை இருக்கும். அதைப் போக்க அசிட் எடுக்கத்தான் கை போகும்.

எண்ணி வாங்கியதற்கு மேல் பத்துக் கல்லாவது கூடுதலாக எடுத்து வையுங்கள். அடுத்த கப்பலில் வருவது அதே நிறத்தில் வராது. பெரியம்மா வீட்டு வட்டத்தை மாற்றக் கல் தேடி அலைந்தோம், ஒன்றும் பொருந்தவில்லை. இப்போது அதன்மேல் பெரியம்மாவின் சாய்மனைக் கதிரை நிற்கிறது.