தாபனக் கிளையை மீளாய்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள், அம்பாறையில் 20. இவை போக வலயக் கல்வி அலுவலகங்கள், சுகாதாரப் பணிமனைகள், திணைக்களங்கள். எந்த அலுவலகமானாலும் உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றம், விடுமுறை, இடமாற்றம், ஓய்வூதியம் எல்லாம், ஆளணி விவகாரங்களைப் பார்க்கும் தாபனக் கிளையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கிளையின் சேவை எப்படி இருக்கிறது என்று மீளாய்வு செய்யும் பொறுப்பு வந்தவுடன் பலரும் குற்றவாளியைத் தேடப் புறப்படுகிறார்கள். கோவை (கோப்பு) எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் தேடியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

முதல் சறுக்கல் வினாக்கொத்தில். அதைத் தாபனக் கிளை மூலமே அனுப்பி, அந்தக் கிளையிடமே திருப்பி வாங்குகிறார்கள். தன்னுடைய சம்பள ஏற்றப் படிவம் அந்த மேசையில் கிடக்கும்போது எந்த உத்தியோகத்தர் "திருப்தியில்லை" என்று எழுதுவார்? பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பதவி, கிளை, நியமனத் திகதி மூன்றையும் கேட்டுவிட்டால் எழுதியவர் யாரென்று தேநீர் நேரத்துக்குள் தெரிந்துவிடும். வேறு கிளையைச் சேர்ந்த ஒருவர் நேரில் போய்ப் பேசுவதே நல்லது.

அடுத்தது, அனுப்பிய கடிதங்களை எண்ணுவது. மாதம் முந்நூறு கடிதம் போனது என்றால் கிளை சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவற்றில் பாதி, முந்திய கடிதத்துக்கு நினைவூட்டலாக இருக்கலாம். ஒரு கோவையைத் திறந்து குறிப்புத் தாளிலுள்ள திகதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு கிராம உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத் திகதி மார்ச் 3 என்று வைத்துக்கொள்வோம். பெப்ரவரி 10இல் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். 14இல் சிபாரிசு கிடைக்கிறது. விடுமுறைப் பதிவேட்டில் கணக்கு முடிக்கப்படவில்லை என்று மார்ச் 20இல் திரும்பி வருகிறது. ஏப்ரல் 2இல் கணக்கு சரியாகிறது, 8இல் கையொப்பம் விழுகிறது. கணக்குக் கிளைக்குப் போகும்போது அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. நிலுவையோடு மே மாதச் சம்பளத்தில்தான் பணம் வருகிறது. எல்லா மேசையிலும் நடந்த வேலையைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. கிட்டத்தட்ட ஏழு வாரம் தின்றது விடுமுறைப் பதிவேடு. திட்டு வாங்குவது என்னவோ சம்பள ஏற்றத்துக்குப் பொறுப்பானவர்! இப்படி இருபது கோவைகள் பார்த்தால் போதும். ஆனால் அவற்றை நீங்களே எடுக்க வேண்டும். கிளை எடுத்துத் தரும் கோவைகள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

எந்தக் காலத்தை அளக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சம்பளத் திருத்தத்துக்காக எல்லோருடைய சம்பளத்தையும் மாற்றிக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மாதங்களை வைத்து ஒரு கிளையை எடைபோடுவது அநியாயம்.

இந்தப் பக்கத்து மீளாய்வு அறிக்கைகளின் பெரிய ஓட்டை அதிகார எல்லை. ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாலும் நாடு முழுவதற்கும் பொதுவான இணைந்த சேவை உத்தியோகத்தர்களின் இடமாற்றமும் பதவியுயர்வும் முடிவாவது கொழும்பில், மாகாண சேவையினருடையவை திருகோணமலையில். கல்முனையின் நிலை இன்னும் சிக்கல்: மாவட்டம் அம்பாறை, சுகாதாரத்துக்கோ தனிப் பிராந்தியம். இதையெல்லாம் பிரிக்காமல் "பதவியுயர்வுகளை விரைவுபடுத்துக" என்று சிபாரிசு எழுதினால் வாசிப்பவர் சிரித்துவிட்டு மூடிவைப்பார். நம் வாசலைத் தாண்டும் வரை கோவை எத்தனை நாள் இருந்தது, தாண்டிய பிறகு எத்தனை நாள் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதற்கு மட்டுமே கிளை பதில் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் நாட்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம் ஒன்று, வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை தட்டில் கிடந்தால் அதுவும் தாமதம்தான். அதற்கு அறிக்கையில் தனியாக ஒரு வரி வேண்டும். தூரமும் அப்படித்தான். மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் ஒரு பிரதியைக் கொடுக்க வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் போய்விடுகிறது. பக்கத்து அறையில் இருப்பவர்களை மட்டும் விசாரித்தால் இது காதில் விழாது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஓய்வுபெறப் போகிறவர்களின் கோவைகளைத் தொடாமல் விடுவது. பொதுவாக ஓய்வு வயது 60. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த வயதை எட்டுபவர்களின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலே இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் கண்டறிதல். இருந்தால் சுயவிபரக் கோவைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பிறப்புச் சான்றிதழில் "தம்பிப்பிள்ளை", அடையாள அட்டையில் "தம்பிபிள்ளை". சேவையில் இருக்கும் வரை யார் கண்ணையும் உறுத்தாத அந்த ஒற்று, ஓய்வூதிய விண்ணப்பத்தில் ஆளை அலைய வைக்கும். நிரந்தர நியமனத்துக்கு முந்திய தற்காலிகச் சேவைக்குக் கடிதம் இருக்கிறதா? விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் பதியப்பட்டிருக்கிறதா? 2006 இறுதி வரை வடகிழக்கு மாகாணம் ஒன்றாக இருந்த காலத்தில் வடக்கில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு ஆதாரம் உண்டா? கரையோர அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு 2004 சுனாமிக்கு முந்திய பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றனவா? 2022இல் வந்த சுற்றறிக்கையின்படி சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போனவர்களின் கோவைகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து ஆண்டு விடுமுறை பெற்றவர்கள் 2027இல் திரும்பத் தொடங்குவார்கள்.

கைரேகை இயந்திரம், புதிய மென்பொருள் என்று சிபாரிசு எழுதுவதில் தவறில்லை. ஆனால் பிழையான விடுமுறைக் கணக்கைக் கணினியில் ஏற்றினாலும் பிழை பிழைதான்.

அறிக்கையின் வரைவை அலுவலகத் தலைவரிடம் கொடுக்கும் முன் கிளையிலுள்ளவர்களிடம் காட்டுங்கள். "அந்தக் கோவை என்னிடம் வந்ததே 20ஆம் திகதிதான்" என்று ஒருவர் சொன்னால் தபால் பதிவேட்டை எடுத்துச் சரிபாருங்கள். அவர் சொன்னது சரி என்றால், கையொப்பமிடுவதற்கு முன் அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.