ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்கும் முன்: ஒரு கேபிள் டை போதும்

முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் உங்கள் எடைக்குச் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க, கடையிலேயே லாக்-அவுட்டை (ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் அமைப்பு) திறந்துவிட்டு, முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டையை மாட்டி, ரப்பர் சீல் வரை கீழே தள்ளுங்கள். தினமும் சுமக்கும் பையோடு, குலுக்காமல் ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் டை 20 முதல் 25 மி.மீ. வரை மேலே நகர்ந்திருந்தால் சரி. பின்பக்க ஏர் ஷாக்கில் (காற்றழுத்தத்தால் தாங்குவது) டை நகர வேண்டியது அதன் ஸ்ட்ரோக்கில், அதாவது ஷாக் முழுதாக அமுங்கும் தூரத்தில், 25 முதல் 30 சதவீதம்.

இந்த அமுக்கம் இருந்தால்தான் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பறித்த குழிக்குள் சக்கரம் இறங்கி, தரையை விடாமல் ஏறும். ஹேண்டில்பாரைக் கையால் அமுக்கிப் பார்த்தால் இது தெரியாது. ஏர் ஃபோர்க்கில் அளவு தப்பினால் ஷாக் பம்ப்பால் காற்றைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். காயில் ஃபோர்க்கில் (காற்றுக்குப் பதில் ஸ்பிரிங் உள்ளது) பெரும்பாலும் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், அதனால் ரொம்பத் தப்பினால் வாங்காதீர்கள்.

பின்னால் காயில் ஷாக் என்றால் டை மாட்ட முடியாது. இரு முனை போல்ட்டுகளுக்கு இடையிலான நீளத்தை, ஆள் ஏறும் முன்னும் ஏறிய பின்னும் டேப்பால் அளக்கலாம்; இரண்டின் வித்தியாசம்தான் அமுக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவருக்கு ஃபுல் சஸ்பென்ஷனே வேண்டாம். அதே பணத்தில் நல்ல ஏர் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் (பின்பக்க ஷாக் இல்லாத சைக்கிள்) வாங்கலாம்.