இதய மருத்துவர் ஆக வேண்டுமா? பிளஸ் ஒன் முதல் டிஎம் வரை

"ஹார்ட் டாக்டர் ஆகணும்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்த ஹார்ட் டாக்டர் என்றுதான். மார்பைத் திறந்து பைபாஸ் செய்பவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். அவருக்கு எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு எம்எஸ் என்ற மேற்படிப்பு, அதற்கும் மேல் எம்சிஎச். ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பார்த்து, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பவர் கார்டியாலஜிஸ்ட். அவருக்கு எம்டி என்ற மேற்படிப்பு, அதற்கும் மேல் இதயவியலில் டிஎம். இந்தப் பதிவு இரண்டாமவரைப் பற்றியது. எம்பிபிஎஸ் வரை இருவருக்கும் ஒரே பாதைதான் என்பதால் இப்போதே முடிவெடுக்கத் தேவையில்லை.

கணக்கு இது: எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, எம்டி 3, டிஎம் 3. ஆக பதினொன்றரை ஆண்டு, நடுவே மூன்று நுழைவுத் தேர்வுகள். தேர்வுக்கென்று வீட்டில் உட்கார்ந்து படிக்கும் ஆண்டுகள் இதில் சேராது. முப்பது வயதுக்கு முன் முடிப்பவர்கள் குறைவு. இதை வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்; 26 வயதில் "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்கும் உறவினர்களை அப்போது சமாளிப்பது கஷ்டம்.

படி 1: பிளஸ் ஒன், நீட்

இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப் எடுங்கள். கணிதம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நீட் மொத்தம் 720 மதிப்பெண். அதில் பாதி, 360, உயிரியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 போகும். உயிரியலில் எல்லோரும் அள்ளிவிடுவார்கள், தள்ளிவிடுவது இயற்பியல்தான். தமிழிலேயே எழுதலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே மொழியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்தச் சான்றிதழ்களைக் கவுன்சலிங் நேரத்தில் தேடி ஓடாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

படி 2: எம்பிபிஎஸ்

நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணி. முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் தலையில் ஏறிவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது ஈசிஜியை விடாதீர்கள். அந்தக் கட்டத்தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. இரண்டு ஆர் முனைகளுக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனை) நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. துடிப்பு சீராக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லும்.

அடுத்தது இன்னும் முக்கியம். லீட் என்பது ஈசிஜி இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம். லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறியிருந்தால் இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு. அப்போது வலப்பக்க லீடுகளையும் ஒட்டி இன்னொரு ஈசிஜி எடுக்க வேண்டும். வலது வென்ட்ரிக்கிளும் (வலது கீழறை) அடிபட்டிருந்தால், நெஞ்சுவலிக்கு வழக்கமாக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். இந்த மாதிரி விஷயங்கள் வார்டில் இரவுப் பணியில் ஒட்டிக்கொள்வதுபோல் புத்தகத்தில் ஒட்டாது.

படி 3: எம்டி

மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வை எழுதிப் பொது மருத்துவம் எடுப்பதுதான் பெரும்பாலோர் போகும் வழி. குழந்தைகள் நலத்தில் எம்டி முடித்தவர்களும் டிஎம் இதயவியலுக்குப் போகலாம். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: நமக்கு இதயம்தானே என்று சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மேலோட்டமாகப் பார்ப்பார்கள். அடுத்த தேர்வு பொது மருத்துவம் முழுவதையும் கேட்கும். போதாததற்கு, ஆஞ்சியோவுக்கு (ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே பரிசோதனை) செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சர்க்கரை நோயாளிக்குக் குழாய் போடும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காத கார்டியாலஜிஸ்ட் கிடையாது.

படி 4: டிஎம்

இதற்கு நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு ஐஎன்ஐ எஸ்எஸ் என்ற தேர்வு தனி. டிஎம் கிடைக்காவிட்டால் அதே மூன்றாண்டில் அதற்கு இணையான டிஆர்என்பி பட்டம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் 50 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எம்பிபிஎஸ் முடித்ததும் கிராமத்தில் வேலைக்குப் போவதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிஎம் பயிற்சியில் பொதுவாக முதலில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு, எக்கோ. பிறகு கேத் லேப், அதாவது ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறை. மாரடைப்போடு வந்தவருக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது இலக்கு. அது நள்ளிரவிலும் மாறாது. எக்ஸ்ரே கதிருக்காகக் கனமான ஈய அங்கி மாட்டி மணிக்கணக்கில் நிற்பதால் முதுகுவலி இந்தத் தொழிலோடு கூடவே வரும்.

பெண்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் பத்மாவதியைச் சொல்லுங்கள். 1917இல் பர்மாவில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். தொண்ணூறைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார்.

டிஎம்முக்குப் பிறகு இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான எலெக்ட்ரோபிசியாலஜி போன்றவற்றில் ஓரிரு ஆண்டு ஃபெல்லோஷிப் செய்யலாம். கட்டாயம் கிடையாது. பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்கும் கருவி), ஸ்டென்ட் இரண்டையும் வைக்க டிஎம்மிலேயே கற்றுத் தருவார்கள்.

இத்தனை ஆண்டு முடியாது, ஆனால் கேத் லேப் பிடிக்கும் என்பவர்கள் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி பக்கம் பாருங்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் வராது. எக்கோ எடுப்பதும் கேத் லேப்பில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பதும் இவர்கள் வேலைதான்.