மார்க் 4 அம்பாசிடருக்கு நோவா டோர் பேட்

புதுப்பேட்டையில் கிடைத்தது, மார்க் 4-க்குப் பின் வந்த அம்பாசிடர் நோவாவில் கழற்றிய டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் போர்த்திய ஹார்டுபோர்டு. என் மார்க் 4 கதவில் வைத்துப் பார்த்தால் வெளி அளவு சரி. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஹேண்டிலின் ஓட்டை மட்டும் அரை விரல் தள்ளி இருந்தது. உடனே வெட்டாதீர்கள். இரண்டு பேடின் முதுகும் மேலே பார்க்க, பழையதைப் புதியதன் மேல் அடுக்கி, விளிம்பையும், பேடைக் கதவில் பிடிக்கும் கிளிப்பின் ஓட்டை ஒன்றையும் நேர்படுத்தி, ஹேண்டில் ஓட்டையைப் பென்சிலால் வரையுங்கள். திருப்பி வைத்தால் எதிர்ப்பக்கக் கதவின் ஓட்டை விழும்.

ட்ரில் நேராக ரெக்சினில் பட்டால் நூல் சுற்றிக் கிழியும். முதலில் ரெக்சினை பிளேடால் கீறி, பிறகு ஹார்டுபோர்டை மட்டும் அறுங்கள். பழைய ஓட்டை ஹேண்டிலின் வட்டத் தட்டுக்குள் மறைந்துவிட்டது, அது அதிர்ஷ்டம்.

உண்மையான எதிரி தண்ணீர். கண்ணாடி வழியே இறங்கும் மழை, கதவின் அடி ஓட்டையில் வெளியேற வேண்டும். ராயபுரத்து உப்புக்காற்றில் துரு உதிர்ந்து அந்த ஓட்டையை அடைக்கும். தேங்கும் தண்ணீரில் ஹார்டுபோர்டு கீழிருந்து ஊறி வீங்கும், கிளிப் பிடி விடும். அடி ஓட்டையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பேடின் முதுகுக்கும் விளிம்புக்கும் 2 கோட் வார்னிஷ் அடித்தேன். பிறகு கதவுத் தகட்டில் பாலிதீன் ஒட்டி, அதன் அடி நுனியைக் கதவுக்குள் செருகினேன். வெளியே தொங்கினால் தண்ணீர் நேராக பேடில்தான் வடியும்.