உங்கள் கேமரா சென்சாரின் வாசிப்பு வேகத்தை நீங்களே அளக்கலாம்

மெகாபிக்சல் எண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்கும் கேமரா நிறுவனங்கள், சென்சாரின் வாசிப்பு நேரத்தை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. முதல் வரிசைப் பிக்சலில் தொடங்கிக் கடைசி வரிசை வரை படித்து முடிக்க ஆகும் நேரம் அது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் கிரிக்கெட் மட்டை வளைந்து தெரிவதும், கல்யாண மண்டப எல்இடி வெளிச்சத்தில் முகத்தின் குறுக்கே பட்டை விழுவதும் இந்த நேரம் நீள்வதால்தான்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு (நாமே புரோகிராம் எழுதி இயக்கும் சிறிய எலக்ட்ரானிக் பலகை), 5 மிமீ வெள்ளை எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு துண்டு டிரேசிங் பேப்பர். 8ஆம் பின்னிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்இடியின் நீளக் காலுக்கும், குட்டைக் காலிலிருந்து கிரவுண்டுக்கும் இணையுங்கள். புரோகிராமில் 'டோன்' கட்டளைக்கு 8ஆம் பின், 1000 ஹெர்ட்ஸ் என்று கொடுத்தால் போதும். எல்இடி ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அணைந்து எரியும். கண்ணுக்கு நிலையாக எரிவதுபோல்தான் தெரியும்.

லென்ஸின் முன் கண்ணாடியை ஒட்டி டிரேசிங் பேப்பரை வைத்து, பேப்பருக்கு வெளிப்புறம் 3 செமீ தள்ளி எல்இடியைப் பிடியுங்கள். லென்ஸைக் கழற்றிச் சென்சார் மீது நேரடியாக வெளிச்சம் அடிக்கும் வழியும் உண்டு. தூசியைக் கூப்பிட்டு உள்ளே விடுவதால் அது வேண்டாம்.

கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் 1/8000, அப்பர்ச்சர் எஃப் 2.8 அல்லது லென்ஸ் திறக்கும் அளவு, ஐஎஸ்ஓ 3200 என்று அமையுங்கள். ஃபோகஸும் மேனுவல். ஆன்டி ஃபிளிக்கரை அணைத்துவிடுங்கள். ஷட்டர் வகை முழு எலக்ட்ரானிக்காக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மெக்கானிக்கல் ஷட்டரிலும் 1/8000-இல் ஒரு மெல்லிய இடுக்குதான் சென்சார் மேல் ஓடுகிறது, அதனால் பட்டைகள் அப்போதும் விழும். ஆனால் நீங்கள் அளப்பது திரைச்சீலையின் ஓட்டத்தை. சாதாரண ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சாரில், அதாவது பிக்சலுக்குக் கீழே நினைவக அடுக்கு வைத்த 'ஸ்டேக்டு' வகை அல்லாததில், 3 அல்லது 4 மில்லிசெகண்ட் வந்தால் மகிழ வேண்டாம். ஷட்டர் மெனுவை மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு கணத்தில் படிக்கப்படுவதால், படத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரியும். ஒரு வெளிச்சப் பட்டையும் ஒரு இருட்டுப் பட்டையும் சேர்ந்தது ஒரு சுற்று, அதாவது ஒரு மில்லிசெகண்ட். கணினியில் திறந்து, ஒரு வெளிச்சப் பட்டையின் தொடக்கத்திலிருந்து பத்துச் சுற்று தள்ளியுள்ள பட்டையின் தொடக்கம் வரை பிக்சலில் அளந்து, பத்தால் வகுங்கள். படத்தின் உயரத்தை அந்த எண்ணால் வகுத்தால் மில்லிசெகண்ட் கிடைத்துவிடும். 6000 × 4000 படத்தில் பத்துச் சுற்று 2000 பிக்சல் என்றால், ஒரு சுற்று 200. 4000-ஐ 200-ஆல் வகுக்க 20 மில்லிசெகண்ட், அதாவது 1/50 செகண்ட். பத்துச் சுற்றே இல்லாத வேகமான சென்சாராக இருந்தால் 5000 ஹெர்ட்ஸுக்கு மாறி, விடையை ஐந்தால் வகுங்கள்.

பட்டையே இல்லையா? ஷட்டர் நேரம் எல்இடியின் ஒரு சுற்றுக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருந்தால் பட்டைகள் கரைந்துபோகும். ஆர்டுயினோ இல்லாதவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே கடிகாரமாக்கலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் செகண்டுக்கு 100 முறை மங்கும், ஒரு சுற்று 10 மில்லிசெகண்ட். மெதுவான சென்சாருக்கு இது போதும். ஸ்டேக்டு சென்சாரில் ஒரு முழுச் சுற்றுகூட விழாது.

ஒரே கேமராவில் இரண்டு விடை வந்தால் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு பிக்சலின் வெளிச்சத்தை எத்தனை நுணுக்கமாக எண்ணாக்குவது என்பதே பிட். 14 பிட்டைவிட 12 பிட் வாசிப்பு வேகமானது, சில கேமராக்கள் தொடர் ஷூட்டில் தாமாகவே 12 பிட்டுக்கு இறங்கும். வீடியோவிலோ கிராப், சில வரிசைகளைப் படிக்காமல் தாண்டுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும், ஆகவே ஒவ்வொரு மோடையும் தனியாக அளங்கள்.

விடையைப் படிப்பது எப்படி? ஒரு செகண்டில் 6000 பிக்சல் தூரம் நகரும் பொருள், 20 மில்லிசெகண்ட் சென்சாரில் மேலிருந்து கீழாக 120 பிக்சல் சாயும். 5 மில்லிசெகண்டில் 30 பிக்சல்தான். சோனி 2017இல் ஏ9 மூலம் ஃபுல் ஃபிரேமுக்குக் கொண்டுவந்த ஸ்டேக்டு அமைப்பு, பிக்சல் அடுக்குக்குக் கீழே நினைவகத்தையும் சர்க்யூட்டையும் வைத்து இந்த நேரத்தைச் சுருக்கியது. அந்த வேகத்தை நம்பித்தான் நிக்கான் 2021இல் இசட்9-இலிருந்து மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டது. 2024இல் வந்த இசட்6 மார்க் 3-இன் 'பகுதி ஸ்டேக்டு' சென்சார், சாதாரண சென்சாருக்கும் முழு ஸ்டேக்டுக்கும் நடுவே நிற்கிறது.

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3-இல் இந்தச் சோதனையைச் செய்தால் பட்டையே வராது. எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் ஒளியைப் பதியும் குளோபல் ஷட்டர் என்பதால் ஒவ்வொரு படமும் முழுதாக வெளிச்சமாகவோ முழுதாக இருட்டாகவோ இருக்கும். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சேமிப்பிடம் ஒதுக்குவதால் ஒளியைத் தாங்கும் கொள்ளளவு குறைகிறது, அடிப்படை ஐஎஸ்ஓவே 250-இல்தான் தொடங்குகிறது. வெயிலில் ஃபிளாஷ் போட்டு 1/2000-க்கு மேல் எடுப்பவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் 5 மில்லிசெகண்டுக்குக் கீழுள்ள ஸ்டேக்டு கேமராவோடு நின்றுகொள்ளலாம்.

ஃபோனில் அளப்பதென்றால் புரோ மோடில் ரா (பதப்படுத்தாத சென்சார் தரவு) கோப்பாக எடுங்கள். சாதாரண மோடு பல ஃபிரேம்களை ஒன்றாகக் கலந்துவிடுவதால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ண முடியாது.