ஓல்டு ஃபெயித்ஃபுல் அடுத்து எப்போது பீறிடும்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்கள், ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று எத்தனை நிமிடம் பீறிடுகிறது என்பதைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த முறை எப்போது என்பதைத் தாங்களே கணித்துவிடலாம். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் சுமார் 65 நிமிடத்திலும், அதற்கு மேல் நீடித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலும் அது மீண்டும் பீறிடும். பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். தொடக்கத்தில் விட்டுவிட்டுத் தெறிக்கும் சிறு நீர்த்திவலைகளைக் கணக்கில் சேர்க்காமல், நீர்த்தூண் தொடர்ச்சியாக எழும் கணத்திலிருந்தே நேரத்தை எண்ண வேண்டும்.

நீண்ட நேரம் பீறிடும்போது பாறைக்கு அடியிலுள்ள குழாய்ப் பாதைகளிலிருந்து அதிக நீர் வெளியேறிவிடுவதால், அவை மீண்டும் நிரம்பி, மேலுள்ள நீரின் அழுத்தத்தையும் மீறிக் கொதிக்கும் அளவுக்குச் சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தை இருக்கையில் கழிக்காமல், மரப்பலகை நடைபாதை வழியே அருகிலுள்ள மற்ற ஊற்றுகளைப் பார்த்து வருவதே நல்லது.

எல்லா ஊற்றுகளுக்கும் இக்கணக்கு பொருந்தாது. அதே பூங்காவின் ஸ்டீம்போட் ஊற்றில் இடைவெளி சில நாள்களாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாகவும் இருக்கலாம்; ஐஸ்லாந்தின் ஸ்ட்ரோக்கூரோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடுவதால் கணிக்கவே தேவையில்லை. ஓல்டு ஃபெயித்ஃபுல்லின் இடைவெளியும் 1959, 1983 நிலநடுக்கங்களுக்குப் பின் நீண்டிருக்கிறது. ஆகவே பழைய வழிகாட்டி நூல்களிலுள்ள நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம்.