துபாய் வேலை விசா: டிரங்குப் பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிற பிள்ளைகள் அனேகமாக ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "அண்ணா, துபாய் போகணும். நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமா?"

ஏஜென்ட் மூன்றாவது படி. முதல் படி உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சான்றிதழ்கள் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியில். துபாயில் ஓட்டல் சமையலறையில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். போவதற்கு முன் எனக்கு வீணான மாதங்கள் எல்லாம் காகிதத்தில் இருந்த கோளாறால் வீணானவைதான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயர்

பெட்டியைத் திறந்து டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் சீட், ஆதார், பான் கார்டு, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் அப்பா அம்மா பெயரும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கின்றன என்று எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மார்க் சீட்டில் ஆர். சிவக்குமார், ஆதாரில் சிவகுமார் ராமசாமி, பான் கார்டில் சிவகுமார் ஆர் என்று இருக்கும். நடுவில் ஒரு 'கே'யா, இரண்டு 'கே'யா என்பதும் மாறும். நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று ஆள்.

தேயிலை எஸ்டேட் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கணக்கப்பிள்ளை எழுதியது ஒரு விதம், ஒன்றாம் வகுப்பில் சேர்த்த டீச்சர் எழுதியது ஒரு விதம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் தாத்தா காலத்துக் காகிதத்தில் ஒரு பெயரும், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயருமாக இருக்கும். அப்பாவின் பெயரே இரண்டு விதமாக இருந்தால், அதை முதலில் சரி செய்யுங்கள்.

எதைப் பார்த்து எதைத் திருத்துவது? என் யோசனை இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் சீட்டைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். அதனால் அதிலிருக்கிற எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆதாரையும் பான் கார்டையும் அதற்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கும் நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பெயரை முதல் பெயர் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் நிரப்புங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் துபாய் இருக்கிற நாடான அமீரகம் சொன்னபோது, தவித்துப்போனவர்களில் நம் ஆட்கள் நிறைய.

இரண்டாவது படி: பாஸ்போர்ட்

நீலகிரி, கோயம்புத்தூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய் கட்டி, தேதி எடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் காலை நேரம் கிடைத்தால் முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ கவுண்டரில் போட்டோ, கைரேகை எடுத்து, விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். அந்தத் திரையை அவசரப்படாமல் படியுங்கள். பிழையைச் சொல்ல நல்ல இடம் அதுதான்.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் நுனி தேய்ந்து, தேயிலைக் கறை ஏறி, கருவியில் ரேகை விழாது. என் அம்மாவுக்கு ரேஷன் கடையிலேயே அப்படித்தான். ஒரு வாரம் முன்னாலிருந்து ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவி, முடிந்தால் அந்த நாட்களில் கொழுந்துக்குப் போகாமல் இருங்கள். அமீரகத்திலும் கைரேகை எடுப்பார்கள்.

பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் அந்த மார்க் சீட்டை மறக்காமல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று விழும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்று அர்த்தம். அமீரகம், சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதி வாங்க வேண்டும். ஒன்பதாவதோடு நின்றவர்கள் இதற்காக மனம் தளர வேண்டாம். கூடுதலாக ஒரு படி, அவ்வளவுதான்.

போலீஸ் விசாரணைக்கு வரும்போது லைன் வீட்டை, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டை, கண்டுபிடிக்கிற மாதிரி முகவரி எழுதுங்கள். எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் எண், வீட்டு எண் எல்லாம் வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லையென்றால் சிக்னல் கிடைக்கிற ஒருவரின் எண்ணையும் கொடுங்கள்.

மூன்றாவது படி: ஏஜென்ட்

மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது கேளுங்கள். என்னிடம் ஒருவர் விசாவுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கேட்டார். அம்மாவின் தோடு அடகுக்குப் போக இருந்த நேரம் அது. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் முதலாளி வாங்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரு அக்கா சொல்லித்தான் தப்பித்தேன்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையிலிருந்து ஆள் எடுக்கிறது. வளைகுடா போகிற நர்ஸுகள் இந்த மாதிரி அரசு நிறுவனங்கள் வழியாகப் போவதுதான் முறை.

நான்காவது படி: ஆஃபர் லெட்டர்

அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் இருக்கும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. கேட்டு வாங்குங்கள். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடையை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். 2,000 திர்ஹாம் என்று சொல்லி, அதில் 800தான் அடிப்படை என்றால் கணக்கு அந்த 800க்குத்தான்.

ஐந்தாவது படி: சான்றிதழ் அட்டஸ்டேஷன்

அட்டஸ்டேஷன் என்றால் சான்றிதழ் உண்மையானது என்று முத்திரை வாங்குவது. எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேவை என்றால் முதலில் மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறக் கூடாது. நம் வெளியுறவு அமைச்சகம் தனி ஆளிடம் நேராக வாங்குவதில்லை, அவர்கள் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

நான் இரண்டு மாதம் இழந்தது இந்தப் படியில்தான். ஒரு ஆனி, ஆடி மழையில் என் டிப்ளமோ சான்றிதழின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்தது. அப்பா பதறிப்போய் ஊட்டிக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டார். முத்திரையும் ஸ்டிக்கரும் ஒரிஜினலின் பின்பக்கத்தில் போடுவார்கள். பிளாஸ்டிக் மேல் எப்படிப் போடுவது? திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்து மெதுவாக உரித்துப் பார்த்தேன், கல்லூரி முத்திரையின் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டியதாயிற்று. மலையில் சான்றிதழைக் காப்பாற்ற ஜிப் கவரில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, மூடி இறுகுகிற டப்பாவில் வையுங்கள். லேமினேட் மட்டும் வேண்டாம்.

ஆறாவது படி: நுழைவு அனுமதி

கம்பெனி எடுத்து அனுப்புகிற வேலை நுழைவு அனுமதியில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனி, பதவி நான்கையும் சரிபாருங்கள். "விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் இ-மைக்ரேட்டில் குடியேற்ற அனுமதியும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் வரை கிடைக்கும். மற்றவர்கள் தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் இங்கேயே மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. போன பிறகு ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உண்டு, பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் சிக்கலாகும்.

இறங்கிய பிறகு

மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் ஐ.டி. என்கிற அந்த நாட்டு அடையாள அட்டை என்று வரிசையாக நடக்கும். செலவு கம்பெனியுடையது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை கிடையாது. எமிரேட்ஸ் ஐ.டி. கைக்கு வந்ததும், பாயில் உட்கார்ந்து எழுதிய அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தடவை படியுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றைக்கே கம்பெனி ஆளிடம் சொல்லிவிடுங்கள்.